கழக வயலும் ஒரு கப்பும்

எங்கள் ஜெர்சியில் புது நெல் மணக்கும்… கூடவே சுணையும் ஒட்டியிருக்கும். முதல் பாதி முழுவதும் கழுத்து கடிக்கக் கடிக்கச் சொறிந்துகொண்டே ஓடுவோம்.

வட்டக்கச்சிப் பக்கம் இருந்த எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கட்டடம் இல்லை. பந்து, ஜெர்சி, வலை எல்லாம் நேசன் வீட்டு நெல் மூட்டைகளுக்கு மேல்தான் கிடக்கும். நேசன் எங்கள் கோல் காப்பாளர். நாங்கள் சேர்ந்து விதைத்த அரை ஏக்கர் கழக வயலுக்கும் அவன்தான் காவல்.

ஒரே ஒரு விதி. வயலில் இறங்காதவன் மைதானத்தில் இறங்க முடியாது. விளைந்ததை விற்றுத்தான் பூட்ஸ், ஆட்டத்துக்குப் போகிற வான் வாடகை, சோடா. மழை பொய்த்த வருடம் வெறுங்காலோடு ஆடினோம்.

ஐரோப்பாவில் பெரிய கழகங்கள் வரவுக்கு மேல் செலவழிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறதாம். நேற்றுச் செய்தியில் வாசித்தேன். எங்களுக்கு அந்தச் சட்டத்தைக் குளத்துத் தண்ணீர் போட்டது.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஓர் அன்பர் காசு அனுப்பினார். அவருக்கு ஊர் மேல் பாசம், எங்களுக்குக் கப் மேல் ஆசை. வெளியூர் ஆட்கள் நாலு பேரைச் சம்பளத்துக்குப் பிடித்தோம். ஒருவர் கோல் காப்பாளர்.

அந்தப் போகம் வயலை விதைக்கவில்லை. காசு வரும்போது சேற்றில் நிற்பது மரியாதைக் குறைவாகத் தெரிந்தது.

பக்கத்து ஊரோடு இறுதிப் போட்டி. அப்படியொரு நாளுக்காக நேசன் ஆறு வருடம் காத்திருந்தவன். செயலாளர் நான். சொல்ல வேண்டியவனும் நான்தான்.

"மச்சான், இண்டைக்கு நீ வெளியில இருக்கோணும். புது ஆள் கோலுக்கை நிப்பார்."

அவன் கையுறையைக் கழற்றினான்.

"அந்தாள் எங்கட வயலை ஒருக்காலாவது கண்டவரோ?"

"இல்லை."

"ஓம்… இப்ப வயலும் இல்லைத்தானே." கையுறையை என் கையில் வைத்தான். "அவருக்கு அளவோ எண்டு பார்."

அளவாகத்தான் இருந்தது. வென்றோம். வெடி கொளுத்தினோம்.

அடுத்த வருடம் அன்பர் அங்கே வீடு வாங்கினார். காசு நின்றது. வயலில் பற்றை ஆளுயரத்துக்கு நின்றது. சம்பளத்துக்கு வந்த கோல் காப்பாளர் பக்கத்து ஊருக்கு ஆட வந்தார். நல்ல மனிதர், எங்களைக் கண்டதும் கை காட்டினார்.

நேசனைத் தேடிப் போனேன். வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டு நின்றான்.

"கோலுக்கு ஆளில்லை மச்சான். வாவன்."

நிமிரவில்லை.

"ஏன் ஆளில்லை? கப் இருக்குத்தானே. அதைக் கோலுக்கை நிப்பாட்டுங்கோ."

முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல் வாங்கினோம். அதற்கடுத்த வருடம் கழகமே இறங்கவில்லை.

நேசன் இன்றும் விதைக்கிறான். கண்டால் சிரிப்பான், மழையைப் பற்றிக் கதைப்பான். பந்தைப் பற்றிக் கதைப்பதில்லை.

வைக்க வேறு இடம் இல்லாததால் கப் என் வீட்டு அலுமாரிக்கு மேல் நிற்கிறது. ஜெர்சிகள் உள்ளே, பூச்சி உருண்டை மணத்தோடு…

நேற்று ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

கழுத்து கடிக்கவில்லை.