என் பிழையைத் திருத்த வந்தவள்

நான் வளர்ந்த வீட்டில் பாட்டு என்பது வானொலியில் செய்திக்கு முன்னால் வருவது. ஆகையால் கலியாணம் கட்டிக் குருநகருக்கு வந்தபோது எனக்குக் காது அடைத்துப்போனது. என் கணவர் படகு எஞ்சின் திருத்துபவர். மாலையில் வந்து கையில் இருக்கும் எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு நேரே கீபோட்டுக்கு முன்னால் போய் இருப்பார். எங்கள் கோவில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர்களில் அவரும் ஒருவர். அவர் வாசிக்க, நான் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்துவேன்.

மகளுக்கு ஏழு வயதானதும் அவளை ஒரு கீபோட் வகுப்பில் சேர்த்தேன். நாலாவது சனிக்கிழமை அழுதுகொண்டு வந்தாள்.

“நான் இனிப் போகமாட்டன்.”

“ஏன் பிள்ளை?”

“ஒரே விரலைத்தான் பாக்கச் சொல்லினம். பாட்டு வாறேல்லை.”

எனக்குக் கோபம். பயிற்சி இல்லாமல் எது வரும் என்று கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “விடும். வீட்டிலை கேட்டுக்கொண்டு இருக்கட்டும்.”

அடுத்த வருடம், அவரோடு மாறி மாறிக் கீபோட் வாசித்த பெண் கலியாணமாகி வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். கிறிஸ்து பிறந்த நாளான நத்தார்ப் பூசையில் ஒரு பாட்டுக்கு அவர் கிற்றார் பிடிக்கவேண்டும். கீபோட்டுக்கு ஆளில்லை.

“நீர் பழகுமன். ஒரு பாட்டுத்தானே,” என்றார்.

நான் பழகத் தொடங்கினேன், என் வழியில். கீபோட் கட்டைகளில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி, ஒன்று இரண்டு என்று இலக்கம் எழுதினேன். பாட்டையும் இலக்கமாக ஒரு தாளில் எழுதி வைத்தேன். முதல் இரண்டு அடியும் வந்தன. மூன்றாவது அடியில் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் தடக்கினேன். இரண்டு கிழமை இப்படிப் போனது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ரீச்சர், உந்தப் பாட்டு அதுக்கு மேலை இல்லையோ?” என்று கேட்டார்.

ஒருநாள் மாலை மகள் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் வழக்கமான இடத்தில் தடக்கினேன்.

“அம்மா, அது பிழை.”

“தெரியும். நீ எழுது.”

மறுபடி தடக்கினேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு வந்தாள். என் கையைத் தள்ளிவிட்டு ஒற்றை விரலால் மூன்றாவது அடியை வாசித்தாள். என் இலக்கங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு நாலாவது அடி. பிறகு இடது கையையும் வைத்துத் தேடினாள். அவள் அப்பா பிடிக்கும் அதே சுரங்கள், இரண்டொன்று விலகி, பின் சரியாக வந்தன.

“ஆர் காட்டித்தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. அப்பா வாசிக்கேக்கை கேக்கிறதுதானே.”

எட்டு வயதுப் பிள்ளை அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. கிணற்றடியில் நின்ற கணவரைக் கூப்பிட்டேன். முழங்கை வரை நுரையோடு வந்தவர் வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு மூலையில் இருந்த கிற்றாரை எடுத்தார். நான் கதிரையை விட்டு எழுந்து மகளுக்குக் கொடுத்தேன். மனதார, மிகுந்த நிம்மதியோடு கொடுத்தேன்.

நத்தார்ப் பூசையில் இரண்டு தலையணைகளுக்கு மேல் இருந்து அவள் வாசித்தாள். நடுவில் ஒருமுறை விரல் தவறி நின்றுவிட்டாள். அப்பா கிற்றாரை நிறுத்தாமல் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த அடியில் அவள் வந்து சேர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “அம்மா, இரண்டு இடத்திலை பிழைச்சது. கவனிச்சனீங்களோ?”

“ஒரு இடந்தானே?”

“உங்களுக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். அப்பா கவனிச்சிருப்பார்.”

“ஓம், இரண்டுதான்,” என்றார் அவர்.

அவள் என் கையை விட்டுவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “சனிக்கிழமை வகுப்புக்குத் திரும்பப் போறன். அந்த விரல் பயிற்சி ஏனெண்டு இப்ப விளங்குது.”