தறி வீட்டுக் குரல்

மகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடப் பள்ளிக்குப் போயிருந்தேன். கரும்பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி, கீழே நாலு பெயர். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது இதே மாதிரிப் பட்டியலில் தினமும் முதல் பெயர் என்னுடையதுதான். எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி. அந்தக் கடகடப்பில் சோறு போடச் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதே குரலில் வகுப்பில் “உள்ளேன் டீச்சர்!” என்பேன். உடனே முட்டி போடச் சொல்வார்கள்.

ஒருநாள் அம்மா நூல் சுற்றுவதை விட்டுவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். “அவ கத்தல டீச்சர். நாள் பூரா தறி ஓடிக்கினு இருக்குது, எங்க வூட்ல பேச்சே இப்டித்தான்.”

“நீங்க ஏம்மா கத்துறீங்க? உங்க பேரையும் எழுதவா?”

வகுப்பே சிரித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு விடை தெரிந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளியிலேயே அடக்கமான வகுப்பு என்று எங்களுக்குப் பாராட்டு வேறு! பயத்தில் வாயடைத்துப்போன பிள்ளைகளுக்கு என்ன பாராட்டு? மெதுவாகப் பேசுவது எப்படி என்று ஒருவராவது சொல்லிக்கொடுத்தார்களா?

“உங்க பொண்ணு ரொம்ப சைலன்ட்மா, தொந்தரவே இல்ல” என்றார் மகளின் டீச்சர்.

“இந்த வருஷத்துல ஒரு கேள்வியாவது கேட்டிருக்காளா டீச்சர்?”

அவர் யோசித்தார்.

“நல்லா யோசிச்சு சொல்லுங்க, நான் இருக்கேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் குரல் பக்கத்து வகுப்புவரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.