நெருங்கி நின்ற எழுத்துகள்

இன்று காலை மெட்ரோ தூணில் யாரோ போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சிய மைதாப் பசையின் வெதுவெதுப்பான வாசனை என்னை ஆஸ்டின் டவுனில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. எதிரே ஒரு தியேட்டரின் காம்பவுண்டுச் சுவர். வாராவாரம் அதில் புதுப்படத்தின் கன்னட எழுத்துகள், தடியாக, உயரமாக, ஒன்றின் தோளை ஒன்று இடித்தபடி வந்து நிற்கும். ஞாயிறு மதியங்களில் ஒரே பாயில் ஆறு பேரும் ஒருக்களித்துப் படுத்து, திறந்த கதவு வழியே, வெயிலில் பசை காயக் காய அவை மெல்ல மூச்சு விடுவதைப் பார்த்தபடியே கண்ணயர்ந்துவிடுவோம்.

“ஏம்மா அதுங்க இப்டி நெருக்கிக்கினு நிக்குது?” என்று தங்கை ஒருநாள் கேட்டாள்.

“செவுரு சின்னது, பேரு பெருசு. நம்மள மாதிரிதான். தள்ளிப் படுடி” என்றாள் அம்மா, பாதித் தூக்கத்தில்.

அந்தச் சுவர் இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. எஞ்சிய நாங்கள் ஊருக்கு ஒருவராக இருக்கிறோம்.

மதியம் ஆபீசில், நான் அதேபோல் ஒடுங்கிய தடித்த எழுத்தில் வடிவமைத்திருந்த போஸ்டரை மேனேஜர் பார்த்தார். “நடுவுல கொஞ்சம் கேப் விடுங்க மேடம், மூச்சு முட்டுது” என்றார். விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே விழித்துக்கொண்டு நின்றது.

அவர் நகர்ந்ததும் மறுபடி நெருக்கி வைத்தேன். ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து, எழுத்துகள் தூங்கிப்போயின.