வாய்க்காலுக்கு அந்தாண்டை ஒரு பள்ளிக்கூடம்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு என் ஸ்தோத்திரம். ஆண்டவர் என் மகளுக்குச் செய்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். சபையில் எழுந்து நின்றால் எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் மேரி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, பைபாஸ் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருக்கிறோம். என் கணவர் ஜான் கடலூர் சிப்காட் பக்கம் வெல்டிங் வேலைக்குப் போகிறார். நான் சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், எஸ்தர். சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வலது காது கேட்காது. இடது காதில் கேட்டாலும், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடாது. வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லைப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம். பிறகு நான் அடுப்படிக்குப் போய் அழுவேன்.

போன வருடம் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் காலம் வந்தது. எங்கள் தெருவுக்கான பள்ளிக்கூடம் பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே பஸ்ஸும் லாரியும் பறக்கிற வேகம் உங்களுக்கே தெரியும். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, ஹாரன் எங்கே அடிக்கிறது என்று தெரியாத பிள்ளை அந்த ரோட்டைக் கடக்க வேண்டும். 

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் அக்கரையில், எங்கள் கோயிலுக்குப் பக்கத்திலேயே, அரசாங்கம் புதுப் பள்ளிக்கூடம் கட்டியது. மொட்டை மாடியில் நின்றால் அதன் மஞ்சள் சுவர் தெரியும். எஸ்தருக்காகவே ஆண்டவர் கட்டிக் கொடுத்தார் என்று நான் முடிவே செய்துவிட்டேன். பள்ளிக்கூடப் பைகூட வாங்கி மாட்டியாகிவிட்டது.

போய்க் கேட்டபோது தலையில் இடி இறங்கியது. வகுப்பறைகள் குறைவு என்பதால், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்று பிரித்துவிட்டார்களாம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் பழைய பள்ளிக்கு. பெரிய பாலத்தைச் சுற்றி ரோட்டு வழியாக அளந்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நாங்கள் வெகு தூரம். வாய்க்கால் தண்ணீரை அடைக்கிற மதகின் மேல் ஒரு சிமென்ட் நடை இருக்கிறது, தெருவே அதில்தான் போய்வருகிறது என்று சொன்னேன். புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை தன்மையானவர். மதகைப் பாலம் என்று கணக்கில் எடுக்க முடியாது, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். மகளின் காதைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் வாடியது. பதில் மட்டும் மாறவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள். என் அண்ணன் வீடு அக்கரையில் இருக்கிறது. தாய்மாமன் வீட்டில் பிள்ளை வளர்வது உலகத்தில் இல்லாததா, அந்த விலாசத்தைக் கொடுத்துவிடு என்றார்கள். அண்ணனும் சந்தோஷமாகச் சம்மதித்தார். என் கணவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மொத நாளே புள்ளைய பொய் சொல்ல வெச்சு அனுப்பணுமா மேரி? டீச்சரு ஒன் வீடு எங்கன்னு கேட்டா, அது நேரா நம்ம மொட்டை மாடியதான் கைய காட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் ஜாஸ்தியாக வந்தது.

அது ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து நோன்புக் காலம். வெள்ளிக்கிழமைகளில் உபவாசமிருந்து ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்வதைவிட பேரம் என்று சொல்லலாம். "ஆண்டவரே, ஒரே ஒரு இடம். அவ்வளவு பெரிய கட்டடத்தில் என் குழந்தை உட்கார எவ்வளவு இடம் வேண்டும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். வேறு யாரையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. ஒரு பதிலும் வரவில்லை. நம் குரல் அவருக்கு எட்டவில்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. வழக்கமாக எங்கள் தெருவில் கிளம்பும் ஊர்வலம் மெயின் ரோட்டில் போய், பெரிய பாலத்தைச் சுற்றிக் கோயிலுக்கு வரும். அந்த முறை ரோட்டில் குழாய் போடக் குழி வெட்டியிருந்ததால், மதகு வழியாகப் போகலாம் என்று போதகர் சொல்லிவிட்டார். எனக்கு வரவே மனமில்லை. என் கணவர்தான் கையில் ஓலையைக் கொடுத்து இழுத்துப் போனார். எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. மீந்த ஓலையில் கிளியும் கைக்கடிகாரமும் மடித்துக் கொடுப்போம். அதற்காக எல்லா வீட்டுப் பிள்ளைகளும், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும், பின்னாலேயே வந்துவிடும்.

"ஓசன்னா" என்று பாடிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக மதகைக் கடந்தோம். அக்கரையில் பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். பெயின்ட் வேலையைப் பார்க்க வந்தாராம். வந்துகொண்டே இருந்த பிள்ளைகளைப் பார்த்து அசந்துபோனார்.

"இத்தனை பிள்ளைங்களும் உங்க தெருவா?" என்று என்னைக் கேட்டார்.

மகளோடு கூட வந்திருந்த, எங்கள் சபையைச் சேராத பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா முந்திக்கொண்டார். "ஆமாங்க டீச்சர். பாதி எங்க புள்ளைங்க. கோயிலுக்கு வரல, ஓலைக்கு வந்துச்சுங்க."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"நீங்க ஒரு பிள்ளைக்குத்தானே கேட்டீங்க? ஒரு பிள்ளைன்னா அது சலுகை, நான் பண்ண முடியாது. ஒரு தெருவே நடந்து வருதுன்னா மேலே எழுதலாம்."

அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

ஈஸ்டர் முடிந்து கல்வி அலுவலர் வந்தார். தானே மதகின் மேல் நடந்து பார்த்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தால் எங்கள் தெருவைச் சேர்க்கலாம் என்றார். பஞ்சாயத்தில் இரும்புக் குழாய் கொடுத்தார்கள். என் கணவரும் செல்வி அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்து வெல்டிங் வைத்தார்கள். பிள்ளைகள் தலை நுழையாதபடி நெருக்கமாக வையுங்கள் என்று நான் கரையில் நின்று நச்சரித்தேன். "இது பாலமா, கோழிக்கூண்டா?" என்றார் என் கணவர். ஆனாலும் நெருக்கமாகத்தான் வைத்தார்.

ஜூனில் பள்ளி திறந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் இடம் கிடைத்தது. எஸ்தரை டீச்சர் முன் வரிசையில், இடது காது தன் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருக்கிறார். போகும்போது செல்வி அக்கா மகள் தாமரை அவளுடைய வலது பக்கமாகவே நடக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிள்ளைக்காகக் கண்ணீரோடு முழங்காலில் நிற்கிறவர்களே, அவரை நம்புங்கள். அவர் கேட்காதவர் அல்ல. நான் ஒரு பிள்ளைக்கு இடம் கேட்டேன். அவர் ஒரு தெருவையே நடத்திக்கொண்டு வந்தார். நீங்கள் கேட்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் மகளுக்குக் கதவு திறந்ததே அந்தப் பிள்ளைகளால்தான்.