துடைத்த பொட்டு

போன வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையைத் தாண்டி நடந்தேன். ஆயுத பூஜை. கற்பூர வாசனையும் மெஷின் ஆயில் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. பழக்கமில்லாதவரென்றால் நீங்கள் மூக்கைப் பிடித்திருப்பீர்கள். எனக்குத் தலை தானாகக் குனிந்தது. பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், வெட்கம்.

ஒரு காலத்தில் இங்கே தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஓட்டினேன். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். கை ஒரு நொடி தாமதித்தால் விரலும் தகட்டோடு போகும். காலை ஷிப்டில் அதே மெஷினை ஓட்டியவர் முனிரத்தினம் அண்ணன். ஜவளகிரிக்காரர், வீட்டில் தெலுங்கு. மதியம் நான் வரும்போது அவர் கிளம்புவார். எங்கள் சிநேகிதம் முழுக்க அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடக்கம். மிச்சம் வைத்த களியையும் கீரையையும் எனக்கு நீட்டுவார்.

"அண்ணி கைக்குத் தங்க வளையல் போடணும்ணா" என்பேன். சிரிப்பார்.

அந்த வருடம்தான் என் மனைவி விஜயா காய்ச்சலில் போனாள். நான்கே நாள். மலைக்கோயில் படிகளை முட்டி போட்டு ஏறினேன். இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால் முகத்தை மூடியிருந்தார்கள். அதோடு சாமிக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை நின்றது. வீட்டுப் படங்களையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன்.

வேலைக்குத் திரும்பினால் மெஷினின் நெற்றியில் குங்குமப் பொட்டு. முன்பும் இருந்ததுதான், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இப்போது பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்தேன். மறுநாளும் பொட்டு. மறுநாளும் துடைத்தேன். முனிரத்தினம் அண்ணன் வைப்பதும் நான் துடைப்பதுமாக மாதங்கள் ஓடின. எனக்குப் புத்தி சொல்கிறார் என்றே நினைத்தேன். ஒருநாள் அவர் வைத்துக் கை எடுப்பதற்குள் துடைத்தேன்.

"ஒரு பொட்டுதானப்பா, வுடு" என்றார்.

"உங்களுக்கு இன்னாணா, ஊட்ல பொண்டாட்டி ஆக்கிப் போடறா, சாமி இனிக்கும். எனக்கு இன்னா இருக்குது?"

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பொட்டும் இருந்தது, களியும் இருந்தது. பொட்டைத் துடைத்தேன், களியைத் தின்றேன். ரோஷம் வயிற்றுக்குக் கிடையாதே.

ஒரு திங்கட்கிழமை பொட்டு இல்லை. வேஸ்ட் துணியோடு நின்றேன், துடைக்க ஒன்றுமில்லை. பெடலில் கால் வைக்கப் பயமாக இருந்தது. சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"காண்ட்ராக்ட் முடிஞ்சிச்சு, சனிக்கெழமையே நின்னுட்டாரு. பாவம், சம்சாரம் செத்து எட்டு வருசமா தானே ஆக்கித் தின்னுட்டு வந்தாரு. உனக்குத் தெரியாதா?"

அந்த வளையல் பேச்சை எத்தனை முறை பேசியிருப்பேன்! சூப்பர்வைசர் இன்னும் சொன்னார்: "எல்லாரும் வேலைய ஆரம்பிக்கறப்ப பொட்டு வெப்பாங்க. இவரு முடிச்சிட்டுப் போறப்ப வெப்பாரு. ஏன்னு கேட்டா, 'அடுத்து வர்ற கை நல்லா இருக்கணும்'னுவாரு."

என் டூல் பெட்டியில் அண்ணனுடைய குங்கும டப்பி கிடந்தது. மறந்து விட்டாரா, வைத்துவிட்டுப் போனாரா தெரியாது. பொட்டு வைத்தேன். விஜயா போன அன்றுகூட அப்படி அழுததில்லை. ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன். முட்டி போடவில்லை, பேரம் பேசவில்லை. "தப்பு பண்ணிட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னேன். பரணிலிருந்து படங்களை இறக்கினேன்.

ஜவளகிரிக்கும் போனேன். வீடு பூட்டியிருந்தது. கர்நாடகா பக்கம் மகனோடு போய்விட்டாராம். எந்த ஊர் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இன்று அந்தக் கம்பெனி இல்லை. ஷெட் குடோன் ஆகிவிட்டது, பிரஸ் பழைய இரும்புக்குப் போயிற்று. சாமியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. முனிரத்தினம் அண்ணனிடம் கேட்க அவர் ஊர்கூட எனக்குத் தெரியாது. கும்பிடக் கை கூப்பினால் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன.