தறிச் சத்தம் பதிந்த கேசட்

அலுப்பு என்பது விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போனால் பரவாயில்லை. என்னிடம் அது குடித்தனமே வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் தூக்கம், இறங்கினால் தலைவலி, வீட்டுக்கு வந்தால் யார் எது பேசினாலும் எரிச்சல். ஷிப்ட் மாறி மாறி, எது பகல் எது ராத்திரி என்பதே உடம்புக்கு மறந்துபோயிருந்தது. சந்தோஷம் என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போய்த் தொலைந்தது என்று யோசிக்கக்கூடச் சோம்பலாக இருந்தது.

அப்படி ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிளாட்பாரக் கடையில் ஒரு டி-ஷர்ட் தொங்கியது. நான் உற்றுப் பார்த்ததும், "புது டிசைன் சார், நல்லா போவுது" என்றார் கடைக்காரர். டிசைனாம். அது ஒரு வெளிநாட்டு ராக் குழுவின் பேர்போன ஆல்பத்தின் அட்டைப்படம். பாட்டை ஒரு தடவைகூடக் கேட்காதவன் எல்லாம் அதை மாட்டிக்கொண்டு திரிகிறான். அதற்குப் பிறகு அதே குழு போட்ட ஆல்பத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஆல்பம்தான் உயிர்.

அது என் கைக்கு வந்த கதை வேறு. காலேஜ் படிக்கும்போது பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான், நெசவுக்காரர் வீட்டுப் பையன். மெட்ராஸில் யாரிடமோ கெஞ்சி அந்தக் கேசட்டை ஒரே ஒரு நாளைக்கு வாங்கி வந்தான். பிரதி எடுக்க ஒயர் கிடையாது. இரண்டு டேப் ரிக்கார்டரை எதிரும் புதிருமாக வைத்து, ஒன்றில் பாட்டை ஓடவிட்டு மற்றதில் பதிவு பண்ணினோம். பக்கத்திலேயே அவன் அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். முகூர்த்தச் சேலை, அவசரம். எங்கள் பாட்டுக்காக அவர் தறியை நிறுத்துவாரா என்ன? டக் டக்கென்று அதுவும் சேர்ந்து பதிந்தது. மூன்றாவது பாட்டு நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி கிதார் மட்டும் மெதுவாக வரும். சரியாக அந்த இடத்தில் அவன் அம்மா சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டார்: "சோறு ஆறிக்கினு இருக்குது, வந்து சாப்ட்டுட்டுப் போங்கபா."

போச்சு, எல்லாம் நாசம் என்று அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டோம். கேட்கக் கேட்க அதுவும் பாட்டோடு பாட்டாகிவிட்டது. அந்த அம்மா காலமான பிறகும் என் வீட்டில் அந்தக் கேசட்டில் சோற்றுக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். கல்யாணமான பிறகும் லீவு நாளில் அதுதான் ஓடும். அப்புறம் ரிக்கார்டர் கெட்டது, கேசட்டில் பூஞ்சை பிடித்தது, ஏதோ ஒரு போகிக்குப் பழைய சாமான்களோடு அதுவும் போனது. தேடி எடுத்துக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

டி-ஷர்ட்டைப் பார்த்த வாரம், வீக்லி ஆஃப் அன்று, போனில் தேடினேன். வெகு சுலபமாகக் கிடைத்துவிட்டது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது உள்ளூரப் பயமாக இருந்தது. எத்தனையோ விஷயத்தில் எனக்கு ருசியே விட்டுப்போயிருந்தது. இதுவும் ஒன்றும் பண்ணவில்லை என்றால்?

ஒன்றும் பண்ணவில்லை. முதல் பாட்டு போனது, இரண்டாவது போனது, நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சுத்தமாக இருந்தது சத்தம். தறி இல்லை, தெரு இல்லை, முகம் கழுவிப் பவுடர் போட்டு உட்காரவைத்த மாதிரி இருந்தது. பாட்டு அதே பாட்டுதான். எனக்குள்தான் அந்த இடம் செத்துவிட்டது என்று நினைத்தேன். அழுகைகூட வந்தது, அதற்கும் தெம்பில்லை. காது வலிக்கிறதென்று ஹெட்செட்டைப் போனிலிருந்தே பிடுங்கிப் போட்டேன். போன் தன்பாட்டுக்கு வெளியே பாட ஆரம்பித்தது.

என் மனைவி கட்டில் ஓரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை அவளுக்கு. அவளுக்கும் அன்று லீவு. மூன்றாவது பாட்டில் அந்த மெதுவான இடம் வந்ததும் அவள் கை நின்றது. தலையைத் தூக்கி எதற்கோ காத்திருந்தாள். கிதார் முடிந்து மேளம் வந்துவிட்டது.

"இன்னாங்க இது, அந்தம்மா சோறு சாப்பிடக் கூப்புடுவாங்களே, அத்தக் காணோம்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு காலமாயிற்று அப்படிச் சிரித்து. "நீ இதெல்லாம் கேட்டுக்கினா இருந்தே? காட்டுக்கத்தல்னு திட்டுவியே?"

"காட்டுக்கத்தல்தான். இப்ப கூட தலைய வலிக்குது." மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். "ஆனா இது ஓடிக்கினு இருந்தா நீங்க நல்ல மூடுல இருக்கீங்கன்னு அர்த்தம். ஏதுனா கேக்கணும்னா அப்பத்தான் கேப்பேன். எங்கம்மா வீட்டுக்குப் போறது, பாப்பாவுக்குக் காது குத்தறது, எல்லாம் இது ஓடறப்ப கேட்டதுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க கேக்கறது? நீங்கதான் இத்தப் போடறதே இல்லையே."

குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை இல்லை, கொடியில் துணி காய்ந்துவிட்டது என்கிற குரலில் சொன்னாள். அலுப்பு எனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்து, அதை வீட்டையே சுமக்கவைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்க வழியில்லாமல் எதிரிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"இப்பதான் ஓடுதே. கேளேன்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தாள். மடித்த சேலையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நான் கடைய விட்டு நின்னுடட்டுமாங்க? நாள் பூரா நின்னுக்கினே இருக்கறது, கால் முடியல."

"நின்னுடும்மா," என்றேன். "எப்பலேருந்து இப்படி இருக்குது?"

"பாப்பா பத்தாவது படிக்கும்போதே கேக்கணும்னு இருந்தேன்."

அந்தப் பாப்பாவுக்கே இப்போது கையில் ஒரு குழந்தை இருக்கிறது.