உப்பு போட்ட விதை

விதை பொறுக்குற வேலைன்னா பூப்பறிக்கிற மாதிரி சுகம்னு ஊர்ல நினைக்கிறாங்க. என்னை மாதிரி விதைப் பையும் கையுமா அலையிற உங்களுக்குத்தான் தெரியும், அது வயித்துல புளியைக் கரைக்கிற வேலை. எனக்கு ஆம்பூர் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில வேலை. பக்கத்து ஊர் சாந்தி அக்காவோட நிலம் தோல் தொழிற்சாலைக் கழிவுத் தண்ணி பாஞ்சு உப்பாகிப் போச்சு, அதுல நாட்டு மரம் வளர்க்க எங்க பண்ணைதான் கன்னு கொடுக்கணும். மழைக்குள்ள கன்னு தயாராகலைன்னா பிளாட் போட வித்துடுவேன்னு அவங்க தம்பி ஒத்தைக் கால்ல நின்னான்.

புதருக்குள்ள

அமிர்தி காட்டுல புங்க விதை பொறுக்கப் போனோம். ஒரே மரத்துல வழிச்சிட்டு வர முடியாது. ஒரு மரத்து வம்சம் வெயில்ல சுருண்டாலும் இன்னொண்ணு தாங்கணும்னு, பல மரத்துல எடுத்து தனித்தனிப் பையில கட்டணும். அப்படி மரத்துக்கு மரம் நடக்கிறப்ப பக்கத்துப் புதர் சலசலன்னுச்சு. கூட வந்த வனக்காவலர் ஏழுமலை அண்ணன் என்னை மெதுவா பின்னாடி இழுத்தாரு. கரடியாண்ணான்னு மெதுவா கேட்டேன். அவரு சொன்னாரு:

"கரடி பழந்தான் துன்னும்மா, பயப்படாத. காட்டுல பழம் இருக்குதான்னுதான் தெரியல."

பாயோட பக்குவம்

உயிரைக் கையில பிடிச்சிட்டுக் கொண்டாந்த பைங்களை தஸ்தகீர் பாய்கிட்ட கொடுத்தேன். பாய் பண்ணைக்குப் புதுசு. அதுக்கு முன்னாடி பச்சைத் தோல் வாங்கி விக்கிற தோல் மண்டியில வேலை. "கெட்டுப் போகாம பாத்துக்குங்க பாய்"னு சொல்லிட்டு ஆற்காட்டுக்கு வேற வேலையா போய்ட்டேன்.

வந்து பையைப் பிரிச்சா, விதை மேல வெள்ளையா கல்லுப்பு! ஒரு பை பாக்கி இல்ல. அந்த நிலம் நாசமானதே உப்பாலதானே! "இன்னா பாய் இது?"ன்னு கத்திட்டேன். மனுஷன் மூஞ்சி வெளுத்துடுச்சு.

"பச்சைத் தோலுக்கு உப்பு போட்டாத்தான் புழு வைக்காதும்மா, இதுக்கும் அப்படித்தான்னு நினைச்சிட்டேன்."

ஒத்தைப் பை

அலசி அலசி விதைச்சோம். தினமும் காலையில முதல் வேலையா பாத்திக்குப் போய் முளை வந்துச்சான்னு பாப்பேன். பாய் அந்தப் பக்கமே வரல. கடைசியில ஒரே ஒரு மரத்துப் பை மட்டும் முளைச்சுது, மத்ததெல்லாம் அழுகிடுச்சு. மறுபடி பொறுக்கலாம்னா காட்டுல காய் முடிஞ்சிடுச்சு.

எல்லாம் ஒரே தாய்ப் புள்ளைங்க, ஒண்ணுக்கு நோய் வந்தா மொத்தமும் போயிடும்கிறதை சாந்தி அக்காகிட்ட மறைக்க முடியல, சொல்லிட்டேன். அவங்க குனிஞ்சு ஒரு கன்னைக் கையில எடுத்துப் பாத்தாங்க.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா வெறும் நிலமா கிடந்தா தம்பி இப்பவே வித்துடுவான், எடும்மா, நட்டுடலாம்."

நட்டாச்சுங்க, இப்ப மேகம் கறுத்தா கன்னு அழுகிடுமோன்னு பயம், வெளுத்தா காய்ஞ்சிடுமோன்னு பயம், ஆனா "தைரியமா இருங்கக்கா"ன்னு சாந்தி அக்காவுக்கு தினமும் போன்ல சொல்றதும் நம்ம வேலையிலதான் சேர்த்தி.